மண்ணில்லாத் தோட்டம் – என் கருத்து

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

எங்கள் முதலியார்பேட்டையில் இன்று ஒரு முழம் மல்லிகை கிடைத்துவிடும். ஒரு முழம் மண் கிடைக்காது. ரோடியர் மில் என்று அந்நாளில் வழங்கிய ஏ.எப்.டி. ஆலையின் சங்கொலி கேட்டு ஊர் விழித்த காலத்தில், ஆலைத் தொழிலாளர் வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொல்லை இருந்ததாம். கொல்லையில் ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை, துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில் பொன்னாங்கண்ணி. என் தாத்தா இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் முதலில் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் படுப்பார் என்று ஆயா சொல்லும். அந்த ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. எங்கள் கொல்லை அதற்கு முன்பே போய்விட்டது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் முருங்கை வேரோடு சாய்ந்தது. அந்த இடத்தில் சித்தப்பாவுக்கு ஓர் அறை எழும்பியது. மீதி இடத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று. எங்கள் தெருவில் எல்லா வீட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே.

மண் போயிற்று, மொட்டை மாடி மிச்சம். அந்த மாடியில் மண்ணே இல்லாமல் கீரையும் காயும் மூலிகையும் வளர்க்கலாம் என்று இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது. ஹைட்ரோபோனிக்ஸ் என்கிறார்கள், மண்ணில்லா வேளாண்மை என்று தமிழில் சொல்லலாம். சிலர் இதை மாயம் என்று கொண்டாடுகிறார்கள். சிலர் மருந்துச் சோறு என்று முகம் சுளிக்கிறார்கள். இரண்டு கட்சியையும் ஒரே கூரையின்கீழ் கண்டவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன். என் தந்தையார் முதல் கட்சி. ஆயா இரண்டாம் கட்சி. நான் மூன்றாண்டு தாவரவியல் படித்தும் வெகுநாள் எந்தக் கட்சியிலும் சேர முடியாமல் விழித்தவன்.

முதலில் இது புதுமை என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1699-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு என்பவர் புதினா வகைச் செடி ஒன்றை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்ட மண் கலக்கிய நீரிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார். தெளிந்த நீரில் குறைவாகவும் கலங்கிய நீரில் மிகுதியாகவும் செடி வளர்ந்தது. நீர் மட்டுமே செடிக்கு உணவன்று, மண்ணிலிருந்து நீரில் இறங்கும் ஏதோ ஒன்றும் உணவாகிறது என்று அவர் கண்டார். அந்த ஏதோ ஒன்று எது என்பதை 1860-களில் ஜெர்மனியின் சாக்சும் நாப்பும் உப்புகளாகப் பிரித்துக் காட்டினர். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் ஆகியவை பெருமளவிலும், இரும்பு, துத்தநாகம், போரான் முதலியவை கடுகளவிலும் வேண்டும். இவற்றைச் சரியான அளவில் நீரில் கரைத்து, வேருக்குக் காற்றும் கொடுத்தால் செடிக்கு மண் தேவையில்லை. தேர்வுக்காக இதனை நாங்கள் மனப்பாடம் செய்து எழுதியதுண்டு. எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க் கடைக்கீரை தின்றதும் உண்டு.

ஆய்வகத்தில் கிடந்த இதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கி. அவர் தொட்டி நீரில் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் போயின. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937-இல் அவரே வழக்குக்குக் கொண்டுவந்தார். உடனே பத்திரிகைகள், இனி உழவே வேண்டாம், வீட்டுக்கு வீடு தொட்டி போதும் என்று எழுதத் தொடங்கின. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-இல் ஒரு சிறு வெளியீட்டில் இதற்கு விடை சொன்னார்கள். நல்ல மண்ணில் வரும் விளைச்சலைவிட நீர் வளர்ப்பில் அதிசயமாக ஒன்றும் கூடிவிடாது என்பதே அது. அந்த வெளியீட்டில் அவர்கள் தந்த உப்புக் கலவையை உலகம் இன்றும் பின்பற்றுகிறது. அதில் இருந்த எச்சரிக்கையை மட்டும் வசதியாக மறந்துவிட்டது.

என் தந்தையாரும் அந்த எச்சரிக்கையை அறியாதவர். அவர் மின்பணி செய்பவர். குழாயும் மோட்டாரும் எங்கே கண்டாலும் நின்றுவிடுவார். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில், நான்கு வரிசைக் குழாய்களில் 72 துளைகளும் துளைக்கொரு செடியுமாய் ஒரு தோட்டம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பச்சைப்பசேலென்று லெட்டூஸ். மாதம் ஒரு அறுவடை எடுக்கலாம், பிரெஞ்சு டவுன் ஓட்டல்கள் தேடி வந்து வாங்கும் என்று விற்றவர் சொன்னார். தங்கை அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள். சீட்டு எடுத்த பணம் 14,000 ரூபாய் மாடிக்கு ஏறிற்று.

அது மாசிக் கடைசி. நாற்று நன்றாகவே முளைத்தது. பங்குனி நடுவில் இலை வெளுத்தது. பிறகு இலையின் ஓரம் கருகியது. ஒரு நாள் பகலில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. மெல்லிய நீரோட்டத்தை மட்டும் நம்பிய வேர்கள் அதற்குள் காய்ந்து, செடிகள் தலை தொங்கிவிட்டன. தப்பியவற்றின் வேர் சித்திரை வெயிலில் பழுப்பாகி நாறியது. அறுவடை ஒருமுறைகூட இல்லை. அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. குழாய்களைக் கழற்றி, துடைத்து, மாடிப்படியின் கீழ் அடுக்கி வைத்தார். தங்கைக்குக் கட்டணம் எப்படிக் கட்டினோம் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாதது.

ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு உறக்கம் வரவில்லை. பாடம் படிக்கும் மகன் பக்கத்தில் இருந்தும் பயனில்லையே என்ற வெட்கமும் இருந்தது. விடை, விற்றவர் கொடுத்த அந்தச் சிறு மீட்டரிலேயே இருந்தது. நீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை அது காட்டும். சத்துக் கரைசலைச் சேர்த்து மீட்டர் 800 காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரோ, ஒன்றும் சேர்க்காமலே 1,150 காட்டியது! ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறதே என்று அஞ்சி அப்பா சத்துக் கரைசலைப் பெயருக்குச் சில சொட்டு விட்டார், இலை வெளுத்தது. தொலைபேசியில் கேட்டபோது இன்னும் ஊற்றுங்கள் என்றார்கள், ஊற்றினார், இலை கருகியது. மீட்டர் உப்பை எண்ணும்; எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரத்துக் கிணற்று நீரில் இருப்பதில் பெரும்பங்கு சோடியமும் குளோரைடும். அவை செடிக்கு உணவல்ல, சுமை. செடி அந்த நீரைப் பருகப் பருக, வேண்டாத உப்பு தொட்டியில் மிஞ்சி, நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும். கண்காட்சியில் வைத்திருந்த செடிகள் கேன் தண்ணீரில் வளர்ந்தவை என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

குடிக்கும் தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 மில்லிகிராம் வரை நன்று என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. எனவே எங்கள் தெருத் தண்ணீரைச் சட்டப்படி குறை சொல்வதற்கில்லை. மனிதன் பொறுப்பான், லெட்டூஸ் பொறுக்காது, அவ்வளவே. நல்ல தண்ணீர்க் கவலை புதுச்சேரிக்குப் புதிதுமன்று. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தானே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது? அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நாம், அது தண்ணீருக்கு எழுப்பிய மண்டபம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் வெயில். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே வேளையில் சூட்டில் வேர் மூச்சு வாங்குவது கூடுகிறது. தேவை ஏற, வரவு குறைகிறது. மாடியில் வெயில் படும் குழாய்க்குள் ஓடும் நீர் பகல் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று விரலை விட்டுப் பார்த்தவர்க்கே தெரியும். குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்துக்கு வகுத்த முறையை, சித்திரை மாதத்துப் புதுச்சேரி மாடியில் அப்படியே ஏற்றியது முதல் பிழை. மண் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது, மண்ணை எடுத்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. சூட்டைத் தாங்கியது, உப்பைத் தள்ளி வைத்தது, மின்சாரம் போனாலும் ஈரம் காத்தது, அளவு தவறிப் போட்ட உரத்தைப் பொறுத்துக்கொண்டது. மண்ணை விலக்கினால் அந்த வேலை முழுவதும் வளர்ப்பவன் தலையில் ஏறும். இதை விற்பவர் சொல்வதில்லை.

அப்படியானால் இந்த முறையே வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வேறு வகையில்.

தோல்விக்குப் பின் மாடியைத் தொட்டவர் என் தாயார். ஐப்பசியில் மழை பிடித்ததும், மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் அடியில் ஒரு பெரிய டிரம்மை வைத்தார். முதல் மழையைப் போகவிட்டு, பிறகு வந்ததைத் துணியால் வடிகட்டிச் சேர்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தேன், 40-தான் காட்டியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெயிண்ட் வாளி இரண்டு, மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டி மூன்று. மூடியில் ஓட்டை போட்டு, சிறு கிண்ணத்தில் தேங்காய் நார்த்தூள் வைத்து நாற்றை இருத்தினோம். தொடக்கத்தில் வேர் நுனி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, மேலே காற்றிடம் உண்டாகும். மேல்வேர் காற்றையும் கீழ்வேர் நீரையும் எடுத்துக்கொள்ளும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்து கிராட்கி என்பவர் பெயரால் இம்முறை வழங்குகிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. "வாளிக்கீரை" என்றுதான் சொல்வார்.

உப்புக் கணக்கை நான் பார்த்துக்கொண்டேன். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரம் மட்டும் போதும் என்று சிலர் சொல்வதுண்டு, போதாது. அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இல்லை. அதன் தழைச்சத்தில் ஒரு பகுதி யூரியாவாக இருக்கும். அதை நைட்ரேட்டாக மாற்றித்தர மண்ணின் நுண்ணுயிர்கள் இங்கே இல்லை. எனவே 10 லிட்டர் மழைநீருக்கு அந்த உரம் 6 கிராம், கால்சியம் நைட்ரேட் 6 கிராம், எப்சம் உப்பு 3 கிராம், நுண்ணூட்டக் கலவை ஒரு சிட்டிகை என்று வைத்துக்கொண்டோம். கால்சியம் நைட்ரேட்டைத் தனியே கரைத்துக் கடைசியில் ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் கெட்டியாகக் கலந்தால் வெள்ளையாய் அடியில் படிந்து வீணாகும். முதல் தடவை அப்படி வீணாக்கியவன் நான்தான். வேதியியல் ஆசிரியர் இதைப் படிக்காதிருப்பாராக.

கார்த்திகையில் பாலக் வந்தது. பிறகு வெந்தயக்கீரை, கொத்தமல்லி. புதினாவும் கற்பூரவல்லியும் பொன்னாங்கண்ணியும் கொம்பை ஒடித்து நீரில் நிறுத்தினாலே வேர் விட்டன. வாரம் இரண்டு நாள் பொரியலுக்கும், அன்றாடம் ரசத்துக்கும் துவையலுக்கும் கண்டது. விற்கவில்லை, விற்கும் அளவுக்கு வரவும் இல்லை. தக்காளி முயன்றோம், பூத்தது, ஆனால் வாளி நீரைக் குடித்துத் தீர்க்கும் அதன் வேகத்துக்கு எங்கள் மழைநீர் ஈடுகொடுக்கவில்லை. பங்குனி பிறந்ததும் அம்மா பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நம் ஊரில் மாடி நீர்த்தோட்டத்துக்கு உரிய பருவம் ஐப்பசி முதல் மாசி வரையே என்று நான் எண்ணுகிறேன். ஆண்டு முழுவதும் விளையும் என்று விற்பவர் சொன்னால், குளிரூட்டும் செலவை யார் தருவது என்று கேளுங்கள்.

ஏழை வீட்டுக்கு ஏற்றவாறு இதனைச் சுருக்க முடியும் என்பதை இந்திய மண்ணிலேயே முன்பு ஒருவர் காட்டியிருக்கிறார். 1946-இல் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில், வங்காள அரசின் சோதனைப் பண்ணையில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் இப்பணியைத் தொடங்கினார். வங்கத்தைப் பெரும்பஞ்சம் உலுக்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கத் தொட்டிகளும் குழாய்களும் இங்கே கட்டுபடியாகா என்று கண்டு, கல் சில்லும் மணலும் கலந்து நிரப்பிய எளிய பாத்தியில், உப்புக் கலவையை உலர்ந்தபடியே கையால் தூவி, மேலே நீர் தெளிக்கும் முறையை அவர் உருவாக்கினார். வங்காள முறை என்ற பெயரில் 1951-இல் அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. போர்க்காலத்தில் அசென்ஷன் தீவு போன்ற வறண்ட இடங்களில் அமெரிக்கப் படையினருக்குக் காய்கறி தந்த முறைகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. காலிம்போங்கைப் பற்றி எழுதுவோர் அரியர். விலை குறைந்த பொருளைப் பற்றி விளம்பரம் செய்ய யாருக்கு ஆர்வம் இருக்கும்?

தமிழ்நாட்டு அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கென விதையும் பைகளும் தேங்காய் நார்க்கழிவுக் கட்டியும் மானிய விலையில் கொடுத்தது. அதையும் பாதி மண்ணில்லா வேளாண்மை என்றே நான் கொள்கிறேன். பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவு கட்டிகளாகக் கப்பலேறி அயல்நாட்டுக் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்க்கிறது. நாமோ, குழாயும் மோட்டாரும் இருந்தால்தான் நவீனம் என்று எண்ணுகிறோம். நார்த்தூளைப் பலமுறை நன்னீரில் அலசி உப்பை நீக்கிக்கொண்டால், எங்களைப் போல் முதல் ஆண்டே இழப்போர் தொகை குறையும். மின்சாரம் போனாலும் அது ஈரம் காக்கும். வெயிலில் வாளி நீரைப்போல் கொதிக்காது.

ஆயாவின் கட்சிக்கும் விடை சொல்ல வேண்டும். "உப்பக் கரைச்சி ஊத்தி வளத்தா அது கீரையாடா? மருந்துடா அது" என்றது ஆயா. செடி எருவைத் தின்பதில்லை, எரு மட்கி உப்பாகி நீரில் கரைந்த பின்னரே வேர் அதை ஏற்கிறது, அந்த நைட்ரேட்டும் இந்த நைட்ரேட்டும் ஒன்றே என்று நான் விளக்கினேன். ஆயா கேட்டுவிட்டு, "அப்ப மண்ணுல இருக்குற புழு பூச்சி எல்லாம் சும்மாவா இருக்குது?" என்றது. அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. மண் வெறும் உப்புக் கிடங்கன்று. அது உயிருள்ள பொருள். இலைக் கீரையில் நைட்ரேட் அளவுக்கு மேல் தங்கக்கூடும் என்பதும் உண்மையே. அறுவடைக்கு முன் சில நாள் வெறும் நீரில் விடுவது நன்று. நெல்லும் பருப்பும் இம்முறையில் வீட்டில் விளையப்போவதில்லை. பாகூர்ப் பக்கத்து உழவர் சோறு போட, அதன் பக்கத்தில் வைக்கும் கீரைக்கே இந்த வாளி. ஆகவே பாகூர் ஏரியைக் காப்பதற்கு மாற்றாக மாடித் தோட்டத்தைப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மூடாத வாளி கொசு வளர்க்கும் வாளி. டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தெளிந்த நீரே தோது. ஒளி புகாத மூடி இருந்தால் கொசுவும் வராது, பாசியும் பிடிக்காது. தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டுவதும் தகாது. அது வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்ப் பாசிக்கு உரமாகும். எதிர்வீட்டு அத்தையின் தென்னைக்கு அதை ஊற்றுகிறோம். அத்தை முதலில் தயங்கினார், இப்போது, "தண்ணி எப்போடா வரும்?" என்று அவரே கேட்கிறார்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வேதியியல் ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மையும் குளோரைடும் அளக்க ஆண்டுதோறும் கற்கிறோம். ஆய்வகக் குழாயில் வரும் நீரையே ஆண்டுதோறும் அளக்கிறோம்! அதற்குப் பதிலாக மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தெருத் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தால் என்ன? முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், தேங்காய்த்திட்டு, வில்லியனூர் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் எழுதிக் கல்லூரி வாயிலில் ஒட்டினால், மாடியில் தோட்டம் போட நினைக்கும் குடும்பம் பணம் கட்டுமுன் அதைப் பார்க்கும். குரும்பாபேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்குள்ளோரை அழைத்து ஒரு நாள் பேசச் சொல்லலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால், எங்கள் வீட்டில் 14,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இந்த ஆண்டு மழைக்கு இரண்டாவது டிரம் வாங்கியிருக்கிறோம். மாடிப்படியின் கீழ் கிடந்த குழாய்களில் ஒன்றை அறுத்து, மழைநீர் நேரே டிரம்மில் விழும்படி அப்பா பொருத்திவிட்டார். மீதி மூன்று வரிசையும் அங்கேயே இருக்கின்றன. அவற்றை விற்றுவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கட்டும், மார்கழியில ஒரு தடவ மழைத்தண்ணி ஊத்திப் பாக்கலாம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.